கோழி அடைகாத்த வாத்து: இயல்பும் சார்பும் குறித்து

கெடா மாநிலத்தின் தென்பகுதியில் கூலிம், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி, பீடோங் ஆகிய ஊர்களைச் சுற்றிப் பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் பின்புறம் கோழியும் வாத்தும் ஒரே கொட்டகையில் அடைந்து ஒரே முற்றத்தில் மேய்ந்து வளர்ந்த வழக்கம், முட்டைக்கும் இறைச்சிக்கும் திருநாள் செலவுக்குமாக ஏற்பட்டதே தவிர, அதன் பின்னே தத்துவ நோக்கம் எதுவும் இருந்ததில்லை. ஆயினும் சைவ சித்தாந்த நூல்கள் நெடுங்காலமாக வினவிவரும் ஒரு வினா, ஏட்டில் இருப்பதைவிடத் தெளிவாக, அந்த முற்றத்தில் ஆண்டுதோறும் நிகழ்ந்து வந்தது. ஓர் உயிர் இன்ன தன்மையது என்று அமைவது அதன் இயல்பினாலா, அது சேர்ந்திருக்கும் சார்பினாலா என்பதே அந்த வினா. இங்கு இயல்பு என்பது பொருளோடு உடன்தோன்றி அதைவிட்டு நீங்காத தன்மை. சார்பு என்பது பிறிதொன்றோடு கூடியிருப்பதால் வந்து பொருந்தும் தன்மை. கோழி அடைகாத்துப் பொரித்த வாத்துக்குஞ்சு இவ்விரண்டையும் ஒரே உடம்பில் தாங்கி நிற்பதால், வினாவுக்கு விடையாக எடுத்துக்காட்டப்படும் தகுதியும், எளிய விடைகளைக் குலைத்துவிடும் தகுதியும் அதற்கு ஒருங்கே உண்டு.

வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைப்பது ஏன் என்பதை முதலில் விளக்க வேண்டும். முட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்ட வாத்தினங்கள் பலவற்றில், அடையில் உட்காரும் உந்துதல் பெரிதும் குன்றிவிட்டது. முட்டையை இட்ட இடத்திலேயே விட்டுவிட்டு நீரை நோக்கிச் சென்றுவிடும் இவற்றை நம்பிக் குஞ்சு பொரிக்க இயலாது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டதும், தமிழில் மணிலா வாத்து என்றும் மலாய் அயலவரால் செராத்தி என்றும் வழங்கப்படுவதுமாகிய இனம் இதற்கு விலக்கு. அது தானே முப்பத்தைந்து நாள் அடைகாத்துப் பொரிக்கும். ஏனைய வாத்துகளின் முட்டைகளுக்குச் செவிலித்தாயாக அமைவது கம்பத்துக் கோழி. கோழி முட்டை பொரிய 21 நாளும் வாத்து முட்டை பொரிய ஏறத்தாழ 28 நாளும் தேவைப்படுவதால், அடைக்கோழி தன் இனத்துக்கு விதிக்கப்பட்ட காலத்தைக் கடந்து மேலும் ஒரு வாரம் இரையும் நீரும் குறைத்து உட்கார்ந்திருக்கிறது. அதன் இறகில் நீர்ப்பசை இல்லாமையால், இறுதி நாள்களில் வளர்ப்பவரே முட்டைகளின்மீது வெதுவெதுப்பான நீரைத் தெளித்துக் கொடுப்பதும் உண்டு. அடையில் உள்ளது தன் முட்டை என்னும் கோழியின் நம்பிக்கையும், அன்று என்று அறிந்தும் நீர் தெளிக்கும் மனிதரின் கையும் இவ்வாறு ஒரே கூட்டில் சேர்ந்து இயங்குகின்றன. இந்தக் கையைப் பற்றிப் பின்னர்ப் பேச வேண்டியிருக்கும்.

சைவ நூல்களில் அடைகாக்கும் பறவைக்குச் சிறப்பான இடமொன்று உண்டு. குரு தம் மாணாக்கரின் மலத்தை, அதாவது உயிரின் அறிவை மறைத்து நிற்கும் அழுக்கை, நீக்கும் பொருட்டுச் செய்யும் சடங்கும் அருட்செயலும் தீக்கை எனப்படும். வடமொழி வழக்கில் தீட்சை. கண்ணால் நோக்குதல், கையால் தீண்டுதல், மனத்தால் நினைத்தல், சொல்லால் மந்திரம் உணர்த்துதல், சாத்திரம் ஓதுவித்தல், யோகம் பயிற்றுதல், அழல் வளர்த்துச் செய்யும் ஔத்திரி என அதனை ஏழாக வகுப்பர். இவற்றுள் முதல் மூன்றுக்கும் மரபு தரும் உவமைகள் புகழ்பெற்றவை: மீன் தன் சினையை நோக்கியே பொரிப்பது போலக் குருவின் நோக்கும், பறவை தன் முட்டையைத் தீண்டியே பொரிப்பது போலக் குருவின் தீண்டலும், ஆமை கரையில் இட்ட முட்டையைக் கடலில் இருந்தபடியே நினைத்துப் பொரிப்பது போலக் குருவின் நினைவும் மாணாக்கரிடம் பயன் விளைக்கும் என்பர். மீனும் ஆமையும் உண்மையில் அவ்வாறு செய்வதில்லை என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். மூன்றனுள் இயற்கையோடு முழுதும் பொருந்துவது அடைகாக்கும் பறவை ஒன்றே. தோட்டத்துக் கோயில்களில் நடந்த தேவார வகுப்புகளில் இந்த உவமையைக் கேட்ட பிள்ளைகளுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இருந்திராது; வீட்டுக்குப் பின்னால் பழங்கூடையில் அது உட்கார்ந்திருந்தது. இடைப்பிறவரலாக ஒன்று கூறலாம். இம்மண்ணுக்குச் சைவம் இருமுறை வந்தது. பழைய கெடாவாகிய கடாரத்தின் வணிகக் காலத்தில் வந்த சைவம், தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் 1930களில் அகழ்ந்த மெர்போக் அருகிலுள்ள புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளமாக எஞ்சி நிற்கிறது. தோட்டத் தொழிலாளரோடு கப்பலேறி வந்த சைவமோ கல்லைவிடக் கோழியோடும் முருங்கையோடும் வேப்பமரத்தடிச் சூலத்தோடும் நெருங்கிய உறவுடையது.

உவமை வழுவாது நிற்பது கோழி தன் முட்டையை அடைகாக்கும் வரையில்தான். கோழியின் அடியில் வாத்து முட்டையை வைத்தவுடன், தீண்டுதல் எதைச் செய்கிறது என்னும் கேள்வி எழுந்துவிடுகிறது. இருபத்தெட்டு நாள் தன் நெஞ்சின் வெப்பத்தையெல்லாம் கொடுத்தும், அந்த வெப்பத்தால் கோழி தன் தன்மையில் ஓர் இம்மியையும் முட்டைக்குள் புகுத்தவில்லை. வெளிவருவது தட்டை அலகும் விரலிடைத் தோலும் உடைய வாத்துக்குஞ்சே. சித்தாந்தம் கைக்கொள்ளும் சற்காரியவாதம் இதற்கு அணுக்கமானது. சற்காரியவாதமாவது, காரியம் காரணத்துள் முன்னரே நுண்மையாய் உள்ளது, இல்லாதது தோன்றாது, உள்ளது வெளிப்படுகிறது என்னும் கொள்கை. மண்ணில் குடமும் வித்தில் மரமும் உளவாதல் போல வாத்து முட்டையில் வாத்து உளது; வெப்பம் துணைக்காரணம் மட்டுமே. அவ்வாறாயின் குருவின் தீண்டலும் துணைக்காரணமே என்றாகிறது. குரு புதிதாக ஒன்றை மாணாக்கருக்குள் வைப்பதில்லை, மறைந்திருந்ததை வெளிப்படுத்துகிறார் என்பது சித்தாந்தத்துக்கு முற்றிலும் உடன்பாடான முடிபு. கோழி முட்டையும் கோழியும் மட்டுமே உள்ள உவமையில் இந்த நுட்பம் புலப்படாது. கொடுப்பதும் வெளிப்படுத்துவதும் அங்கே ஒன்றுபோல் தோன்றும். வாத்து முட்டை வந்த பிறகே இரண்டும் பிரிந்து தெரிகின்றன.

இதைக் கேட்கும் உலகாயதர், அதாவது கண்ணால் காணும் பூதங்களுக்கு அப்பால் எதுவுமில்லை என்று வாதிடுவோர், இயல்பே போதும், இறைவனும் வினையும் எதற்கு என்று வினவுவர். அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், அதாவது பிறர் மதங்களை எடுத்து மறுக்கும் பகுதியில், முதற்கண் எதிர்கொள்வது இவர்களையே. வாத்தின் காலும் அலகும் அதன் உடம்பின் பகுதிகள், உடம்பு அறிவற்றது, அறிவற்றது தனக்குத் தானே ஏற்ற வடிவைத் தேர்ந்துகொள்ளாது, ஆகவே உயிரின் வினைக்கேற்பத் தனுவும் கரணமும் புவனமும் போகமும், அதாவது உடம்பும் கருவிகளும் வாழிடமும் நுகர்ச்சியும், கூட்டிவைக்கப்படுகின்றன என்பது சித்தாந்தத்தின் விடை. இவ்விடையை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் துணிவு. அதிலிருந்து வருகின்ற ஒரு விளைவை மட்டும் யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது. உயிர் என்ற அளவில் கோழியும் வாத்தும் அவற்றை அடைக்கும் மனிதரும் ஒரே வகையினர். வேறுபாடு உடம்பிலேயே தவிர உயிரில் இல்லை. கெடாவின் கோயில்தோறும் ஓதப்படும் சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் அடுக்கிச் சொல்லும் பிறவிகளின் வரிசையில் பறவையும் நிற்கிறது.

இனிச் சார்பின் பக்கம். பொரிந்த வாத்துக்குஞ்சு கோழியின் பின்னே நடக்கிறது. கோழி கொக்கரித்தால் ஓடிவருகிறது. பருந்தின் நிழல் கண்டு கோழி எழுப்பும் எச்சரிக்கைக்கு அதன் சிறகடியில் ஒடுங்குகிறது. ஆஸ்திரியரான கொன்றாட் லோரன்ஸ் 1935இல் வெளியிட்ட ஆய்வில், வாத்து முதலியவற்றின் குஞ்சுகள் பொரிந்த சில மணி நேரத்துக்குள் தம் முன் அசையும் முதல் உருவத்தைத் தாயாகக் கொண்டுவிடுகின்றன என்றும், அப்பதிவு பின்னர் எளிதில் மாறுவதில்லை என்றும் விளக்கினார். அவருக்கும் வேறிருவருக்கும் 1973இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. முந்தைய நூற்றாண்டிலேயே, 1873இல், ஆங்கிலேயரான டக்ளஸ் ஸ்பால்டிங் கோழிக்குஞ்சுகளிடம் இதே நிகழ்வைக் கண்டு எழுதியிருந்தார். சித்தாந்தத்தில் இதற்கு நேரான சொல் சார்ந்ததன் வண்ணமாதல் என்பது. பளிங்கு தன்னருகே வைத்த பொருளின் நிறத்தைக் காட்டுவது போல, உயிர் எதனைச் சார்கிறதோ அதன் தன்மையாய் நிற்கும் என்பது அதன் பொருள். மலமாகிய ஆணவத்தைச் சார்ந்தால் இருளாகவும் திருவருளைச் சார்ந்தால் ஒளியாகவும் உயிர் ஒன்றே நிற்கும். கோழியைச் சார்ந்த வாத்துக்குஞ்சு கோழியின் உலகத்தில் நிற்கிறது. கோழிகளிடையே மட்டும் வளர்ந்த ஆண்வாத்து பருவம் வந்ததும் பெட்டைக்கோழிகளை நாடித் துரத்துவதும், இருவகை உடம்பும் அதற்கு ஒவ்வாமையால் கோழி காயமுற்றுச் சாவதும் உண்டு என்பதை வளர்ப்போர் அறிவர். சார்பு என்பது பின்னால் நடந்துவருவதோடு முடிந்துவிடும் மெல்லிய பழக்கம் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

ஆனால் பொரிந்த சில நாள்களுக்குள், தோட்ட மக்கள் அல்லூறு என்று சொல்லும் சிறு நீரோட்டத்தின் கரையிலோ மழைநீர் தேங்கிய பள்ளத்தின் ஓரத்திலோ, அதே குஞ்சுகள் தாயைக் கரையில் விட்டுவிட்டு நீருக்குள் இறங்கிவிடுகின்றன. கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு கரையில் முன்னும் பின்னும் ஓடி அலறுகிறது. இக்காட்சியைக் கண்டு சிரிப்போர் உளர். கோழியின் அறியாமை என்று சொல்லி முடிப்போரும் உளர். கோழியின் அச்சம் முழுதும் பொருளற்றது என்று சொல்லிவிட முடியாது. குஞ்சின் எண்ணெய்ச் சுரப்பி முழு வலிமை பெறுவதற்கு முன்னர் நெடுநேரம் நீரில் கிடந்தால் அதன் தூவி ஊறி உடம்பு விறைத்துப்போகக்கூடும். கோழியால் வெப்பத்தைத் தர முடிந்தது, நீரில் உடன் இறங்கி வழிகாட்ட முடியாது.

மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டு நூற்பாக்களால் ஆன சிறு நூல். அதன் எட்டாம் நூற்பா இந்தக் கரையில் நின்று படிக்கத்தக்கது. வேடர்களிடையே அகப்பட்டுத் தன்னை வேடன் என்றே எண்ணி வளர்ந்த அரசகுமாரனைப் போல, ஐம்புலன்களாகிய வேடர்களிடையே தன்னை மறந்து வளர்ந்த உயிருக்கு, முதல்வனே குருவாய் வந்து நீ இன்னான் என்று உணர்த்த, அது அவ்வேடரை விட்டு நீங்கித் தன் தலைவனின் திருவடியை அடையும் என்பது அதன் கருத்து. அரசகுமாரனும் வாத்துக்குஞ்சும் ஒரே நிலையினர்போல் தோன்றுகின்றனர்: இருவரும் தம் இனமல்லாதோரால் வளர்க்கப்பட்டவர், இருவரும் தம் வளர்ப்பை மீறியவர். வேறுபாடு ஒன்றே, அதுவே முதன்மையானது. அரசகுமாரனுக்குச் சொல்ல ஒருவர் வரவேண்டியிருந்தது. வாத்துக்குஞ்சுக்கு நீரைப் பற்றி எவரும் சொல்லவில்லை. அறிவிக்க அறிவதே உயிரின் இயல்பு, தானாக அறிவது இறைவன் ஒருவனுக்கே உரியது என்று கூறும் சித்தாந்தத்துக்கு இது சிறிய இடர்ப்பாடு அன்று. சொல்லாமலே அறிந்த ஓர் உயிர் கண்முன் நீந்துகிறது.

மரபுக்குள்ளேயே இதற்கொரு வழி உண்டு. உயிர்களை அவற்றைப் பற்றிய மலங்களின் அளவால் விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என மூவகையாக்கி, ஒரு மலமே உடைய முதல்வகையாருக்கு இறைவன் உள்நின்று உணர்த்துவான், இருமலம் உடைய இரண்டாம் வகையாருக்கு முன்னின்று உணர்த்துவான், மும்மலமும் உடைய மூன்றாம் வகையாருக்கு மானுடக் குருவின் வடிவில் மறைந்து வந்து உணர்த்துவான் என்பர். மானைக் காட்டி மானைப் பிடிப்பதுபோல மனிதரை மனித வடிவம் காட்டியே ஆட்கொள்ள வேண்டும் என்பதே மூன்றாவதற்குச் சொல்லும் காரணம். இந்த நூல்வழக்கின்படி கோழி வாத்துக்கு நீரின் குருவாக ஆகவே முடியாது. அது அவ்வினத்தது அன்று. வாத்துக்குஞ்சுக்கு உணர்த்தல் உள்ளிருந்தே நிகழ்ந்திருக்க வேண்டும். பறவையை விஞ்ஞானகலரோடு வைத்தெண்ணுவது நூலறிந்தோரின் நகைப்புக்கு இடமாகும் என்பதால், உரையாசிரியர்கள் ஒருபுடை உவமை என்று சொல்வதைப் போல, அதாவது ஒரு பக்கம் மட்டும் ஒத்து மறுபக்கம் ஒவ்வாத உவமையாக, இதைக் கொள்வதே முறை.

உள்ளிருந்து என்பது எப்படி என்பதற்கு, எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு விளக்கம் வந்தது. அமெரிக்க உளவியலாளர் கில்பர்ட் காட்லீப், தாயையே காணாமல் பொறியில் பொரிக்கப்பட்ட வாத்துக்குஞ்சுகளும் தம் இனத்துத் தாயின் அழைப்பொலியையே பிற இனங்களின் ஒலியைவிட விரும்பி நாடுவதைக் கண்டு, அது பிறவியறிவு என்று முடித்துவிடாமல் முட்டைக்குள் நிகழ்வதை ஆராய்ந்தார். 1971இல் அதைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. பொரிவதற்கு முன்னரே முட்டைக்குள் குஞ்சு ஒலியெழுப்பத் தொடங்குகிறது. அந்த ஒலி எழாதவாறு செய்து, உடன்பிறந்த முட்டைகளின் ஒலியும் கேளாமல் தனித்து வைத்தபோது, பொரிந்த குஞ்சுகளால் வாத்துத்தாயின் அழைப்பையும் கோழித்தாயின் அழைப்பையும் வேறுபிரித்து அறிய முடியாமற்போயிற்று. பிறவியோடு வந்தது என்று கருதப்பட்ட அறிவும், ஓட்டுக்குள் தன் குரலைத் தானே கேட்டதனால் முதிர்ந்த அறிவாக இருந்தது. இயல்பு என்று ஒரு பக்கத்திலும் சார்பு என்று மறுபக்கத்திலும் வைத்து எண்ணிய இரண்டும் ஓட்டுக்குள்ளேயே பின்னிக் கிடக்கின்றன; ஒளி இருந்தும் கண் விழிக்க வேண்டும், கண் இருந்தும் ஒளி வேண்டும் என்று சித்தாந்தம் சொல்வதற்கு இது அயலானதன்று. கோழியின் அடியில் இருந்த நாள்களில் அம்முட்டைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. அடைக்கோழி அந்தப் பேச்சுக்கு வெப்பம் கொடுத்துக் காத்திருந்தது. வேறொரு மொழியில் என்பதை அது அறியாது.

முட்டையின் இயல்பைப் பற்றிய பேச்சு தமிழரிடையே வேறொரு திசைக்கு எளிதில் திரும்பிவிடும் என்பதால் இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வாத்து முட்டையில் வாத்துதான் வரும் என்ற சொல்லைப் பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் சாதிக்குச் சான்றாக ஆள்வோர் தமிழ்நாட்டிலும் உண்டு. கப்பலில் ஆள்களோடு சாதியும் ஏறிவந்த தோட்டங்களிலும் உண்டு. தருக்க நூலில் சாதி என்பது ஒரு பொருளின் பல தனிகளுக்குப் பொதுவாய் நிற்கும் தன்மையைக் குறிக்கும். அந்தப் பொருளில் வாத்தும் கோழியும் இரு சாதி, மக்கள் அனைவரும் ஒரே சாதி. கபிலர் அகவல் என்னும் நூல் இதே அடியில் நின்று, விலங்கினங்களுக்கிடையே உள்ள பிறப்பு வேறுபாடு மக்களிடையே இல்லை என்பதை, அவர்கள் கலந்து பெறும் மக்களைக் கொண்டே வாதிடுகிறது. கொட்டகையிலும் அதற்குச் சான்று உண்டு. கோழியும் வாத்தும் ஆண்டுக்கணக்கில் ஒன்றாய் அடைந்தாலும் அவற்றிடையே குஞ்சு இல்லை. மணிலா வாத்தும் மற்ற வாத்தும் கலந்தால் பிறப்பவை இறைச்சிக்கு உதவினாலும் வழித்தோன்றல் இல்லாத மலடுகள். மனிதருக்குள் அத்தகைய வேலி எதுவும் இல்லை. 1929 டிசம்பரில் ஈ.வெ. ராமசாமி பினாங்கில் வந்திறங்கி மலாயாவில் சுற்றுப்பயணம் செய்தபோது பேசிய சாதி மறுப்பு, சைவ அன்பர் பலருக்குக் கசந்தது. இந்த ஒரு கூற்றளவில், கசந்தவர்களின் நூல்களே அவர் பக்கம் நின்றிருக்கும்.

இப்போது அந்த மனிதரின் கைக்கு வரலாம். கரையில் கோழி படும் தவிப்புக்குக் காரணம் கோழியும் அன்று, குஞ்சும் அன்று. வேறு முட்டையை அறிந்தே மாற்றி வைத்தவர் காரணர். அவர் செய்தது வஞ்சனையா என்பது வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று. குஞ்சு பொரிவதும் வாழ்வதும் நன்மையே. ஆனால் அந்நன்மையை விளைத்தது பிறிதோர் உயிரின் பொய்யான நம்பிக்கை. செயல் நல்வினையா தீவினையா என்பதைக் கருத்தை நோக்கி அளப்போர் ஒரு விடையும், பிற உயிர் உற்ற துன்பத்தை நோக்கி அளப்போர் வேறு விடையும் தருவர். வள்ளலார் வழிநின்று சீவகாருணியத்தை, அதாவது எவ்வுயிரின் துன்பத்தையும் தன் துன்பமாய் உணர்ந்து உருகுவதை, ஒழுக்கத்தின் முதலாகக் கொள்வோர்க்குக் கோழியின் ஓட்டம் கணக்கில் வராமல் போகாது. நடைமுறையில் அறிவுடைய வளர்ப்பவர் முதல் சில வாரங்கள் குஞ்சுகளை ஆழ்நீருக்கு விடாமல், ஆழமற்ற தட்டில் நீர் வைத்துத் தாயோடு அடைத்து வைக்கிறார். தத்துவம் அறியாமலே அவர் தம் கடனில் ஒரு பகுதியைத் தீர்க்கிறார் எனலாம்.

கூட்டி வைத்தவரின் பொறுப்பு அதோடு முடிவதில்லை. வாத்து தன் குடிநீரையே சேறாக்கிக் கொட்டகைத் தரையை நனைக்கும். நனைந்த தரையில் கோழிக்குக் குடல்நோயும் கால்நோயும் மிகும். வாத்துக்குஞ்சுக்கு நியாசின் என்னும் ஊட்டச்சத்து கோழிக்குஞ்சைவிட மிகுதியாக வேண்டியிருப்பதால், கோழித்தீவனம் மட்டும் தின்று வளர்ந்தால் அதன் கால் வலுவிழக்கும். இரவில் கோழி உயரத்தில் குச்சியைப் பற்றி உறங்கும், வாத்து தரையில் உறங்கும். இதையறியாத கொட்டகையில் மேலிருந்து விழும் எச்சத்தில் வாத்து நனையும். இவையெல்லாம் கவனத்தால் தீர்பவை. பறவைக் காய்ச்சலோ அவ்வளவு எளிதன்று. 2004 ஆகஸ்டில் மலேசியாவில், கிளந்தான் மாநிலத்தில், எச்5என்1 நச்சுயிரி முதன்முறையாகக் கண்டறியப்பட்ட பின்னர், கோழியையும் வாத்தையும் கலந்து வளர்க்க வேண்டா என்னும் அறிவுரை வெறும் சொல்லாக இல்லாமற்போயிற்று. வாத்து அந்நச்சுயிரியை நோய்க்குறி காட்டாமலே சுமக்க வல்லது. கோழியோ ஓரிரு நாளில் மடியும். கெடாவின் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் இருபோக வயல்களில் நத்தையும் புழுவும் தேடி மேயும் வாத்து, நீர்ப்பறவைகளோடு கலந்து திரும்பி, மாலையில் கோழியின் அருகில் அடைகிறது. ஒன்றுக்கு ஊறு இல்லாதது மற்றொன்றுக்குச் சாவாகும்போது, இரண்டையும் அன்பின் பெயரால் ஒரே கூரையில் அடைப்பவர் தம் அன்பை மட்டும் சான்று காட்டித் தப்ப முடியுமா என்று கேட்கவேண்டியிருக்கிறது. உடனாயிருத்தல் என்பதைச் சித்தாந்தம் போற்றுகிறது. இறைவன் உயிரோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்பான் என்பது அதன் அத்துவித விளக்கம். ஆனால் அவ்வுடனிருப்பில் ஒன்றன் இருப்பு மற்றொன்றைக் கெடுப்பதில்லை. கொட்டகையின் உடனிருப்பு அந்த அளவுக்கு உயர்ந்ததன்று. இடையே ஒரு தட்டியும் தனித்தனி நீர்த்தொட்டியும் அதற்குத் தேவைப்படுகின்றன.

இரு பறவைகளின் முடிவும் வேறுவேறானது. தோட்டத்து எல்லையில் முனியாண்டிக்கும் காளிக்கும் நேர்ந்துவிடப்படுவது சேவல். வாத்தை அங்கே காண்பது அரிது. முருகனின் கொடியில் நிற்பதும் சேவலே. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் சூரபதுமனின் உடல் பிளந்து மயிலும் சேவலும் ஆனதால், பகையே சார்பு மாறி அடையாளமாக உயர்ந்த கதைக்கும் அப்பறவையே சான்று. ஒரே பறவை ஓரிடத்தில் கொடியாகவும் மற்றோரிடத்தில் பலியாகவும் நிற்பதை ஆகம வழிபாடு, நாட்டார் வழிபாடு என்று இரண்டாகப் பிரித்து விளக்கிவிடலாம். ஆனால் தோட்டத்தில் இரு வழிபாட்டையும் செய்தவர் பெரும்பாலும் ஒருவரே. பீடோங் வட்டாரத்து ஹார்வார்ட் தோட்டத்தில் 1946இல் கள்ளுக்கு எதிராகத் தொண்டர் படை திரண்ட காலத்தில், முனியாண்டியின் படையலில் சுருட்டோடும் சேவலோடும் கள்ளும் இருந்தது என்பதை எண்ணினால், குடிப்பவரைத் திருத்துவது எங்கே முடிந்து சாமியைத் திருத்துவது எங்கே தொடங்குகிறது என்பது எளிய கணக்கன்று எனத் தெரியும். பட்டணங்களில் அயலாரான சீனர் தம் முன்னோர்க்குப் படைக்கும் தட்டில் கோழியோடு வாத்தும் இருக்கும். பலியிலிருந்து வாத்து தப்பியது தமிழரின் அருளாலன்று, பழக்கமின்மையால். தப்பிய வாத்து தீபாவளிக்கு முந்திய நாள் கறிச்சட்டிக்குப் போவதை எந்தச் சாத்திரமும் தடுக்கவில்லை.

ரப்பர் செம்பனையாகவும், செம்பனை வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிய பிறகு, லயத்திலிருந்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்குப் பின்முற்றம் இல்லை. கூலிம், சுங்கைப்பட்டாணி ஓரங்களில் இன்னும் சிறிது நிலம் வைத்திருப்போரிடம் வாத்து முட்டைகள் மின்பொறியில் அடுக்கப்பட்டு, வெப்பமும் ஈரமும் முள்காட்டியால் அளக்கப்பட்டு, 28ஆம் நாள் ஓடு உடைகின்றன. அங்கே ஏமாற்றப்படும் கோழி இல்லை, கரையில் தவிக்கும் தாயும் இல்லை. வளர்ப்பவரின் மேல் எழுந்த குற்றச்சாட்டு அந்த அளவில் நீங்கிவிடுகிறது. பொறியின் கதவைத் திறப்பவரின் காலைப் பின்தொடர்ந்து குஞ்சுகள் முற்றம் முழுதும் நடக்கின்றன. அவர் வேலைக்குக் கிளம்பும்போது, படலின் ஓரத்தில் நின்று, அவருடைய மோட்டார் சைக்கிள் ஒலி மறையும்வரை கத்துகின்றன.